சுக்கான் பிடிக்க ஆளில்லாத எட்டு நாள்

முதல் நாள்: காஷ்காய்ஷ், போர்ச்சுகல்

காலை 6 மணிக்கு நங்கூரம் எடுத்தாயிற்று. லிஸ்பனுக்கு மேற்கே இருக்கும் காஷ்காய்ஷிலிருந்து மதீரா தீவுக்கூட்டத்தின் சின்னத் தீவான போர்ட்டோ சான்டோவுக்கு நேர்கோட்டில் 476 கடல் மைல். திசை கிட்டத்தட்ட அச்சாகத் தென்மேற்கு. 31 அடிப் படகு சராசரி 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடினால் நான்கு நாள். அங்கிருந்து கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் இன்னும் 300 மைல்.

படகில் ஒரே ஆள். அதனால் இந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்பச் சுக்கான்தான் வரும். நாலு பேர் போகும் படகில் தானியங்கிச் சுக்கான் கெட்டால் ஆளுக்கு மூன்று மணி நேரம் முறை போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். தனி ஆளுக்கு அது கெட்டால் அன்றிரவே தூக்கம் போகும், மறுநாள் நிதானம் போகும்.

இந்தக் கரையில் சுக்கானுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2020 முதல் ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) கரையோர ஓர்க்காக்கள், அதாவது கொலையாளித் திமிங்கிலங்கள், பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டித் திருகுகின்றன. நீலத்துடுப்புச் சூரை மீன் போகிற வழியே போகும் சிறு கூட்டம் இது. சில பத்து உருப்படிகளுக்கு மேல் இல்லை. மிக அருகிய நிலையில் உள்ளது என்று 2019-இல் பட்டியலிடப்பட்டது. கோபத்தில் செய்வதாகத் தெரியவில்லை, விளையாட்டு என்பதே ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. ஆனால் நாலைந்து டன் எடையுள்ள விலங்கு விளையாடினால் சுக்கான் தண்டு வளையும். தண்டு படகுக்குள் நுழைகிற குழாய் விரிசல் விட்டு, அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். 2022 முதல் மூழ்கிய படகுகள் சிலவற்றின் கதை இதுதான். அடியில் தாங்கல் இல்லாமல் தொங்கும் சுக்கானில் நெம்பு நீளம் அதிகம், சேதமும் அதிகம்.

என்ன செய்வது என்பதில் அறிவுரை மாறியிருக்கிறது. தொடக்கத்தில், பாயை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அசையாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்பெயின் அதிகாரிகள் சொன்னது நேர் எதிர்: நிற்காதே, இன்ஜினில் கரைப்பக்கம் ஆழம் குறைந்த இடத்துக்குப் போ. 20 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் முட்டல் அரிது என்பதால் இரண்டாவதே சரியாகப் படுகிறது. ஆகவே புறப்பட்ட முதல் இரண்டு மணி நேரம், அலை உடையாத தூரத்தில், 20 மீட்டர் ஆழக் கோட்டை ஒட்டியே ஓட்டம். காற்று நிலைத்த பின்தான் வெளிக்கடலுக்குத் திருப்பியது. லிஸ்பன் எதிரே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருகிறது, ஆழம் சட்டென்று விழும். அந்தப் பகுதியைப் பகலில், விழிப்போடு கடக்க வேண்டும்.

வெளியே போன பிறகு வந்தால்? சுக்கான்பிடியை விட்டுவிட வேண்டும். பிடித்து நின்றால் மணிக்கட்டு போகும். காற்றைக் கொண்டு தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியான காற்றுச் சுக்கானின் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கட்ட வேண்டும். பின்விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் (அவசர) சேனலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பட்டாசு, டீசல் என்று எதையும் எறிவது குற்றம், பயனும் இல்லை. அவை போன பிறகு முதல் வேலை படகின் அடிக்குழியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து சுக்கான் இரு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா என்பது. மூன்றாவதாக, சுக்கான் குழாயைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. துணிச் சுருள், மரக்கட்டை ஆப்பு, தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி பசை மூன்றும் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரே பையில் இருக்கிறது.

இன்று ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் நாள்: 24 மணி நேரத்தில் 128 மைல்

வடக்கிலிருந்து 25 நாட். கோடையில் இந்தக் கரையில் இறங்கும் இந்தக் காற்றை நொர்தாடா என்கிறார்கள். திசையால் நம் வாடை. அலை பின்பக்க வலது மூலையிலிருந்து வந்து படகைத் தூக்கிப் போடுகிறது.

சுக்கான் பிடிப்பது காற்றுச் சுக்கான். மின்சாரம் வேண்டாத கருவி. மேலே உள்ள பலகையைக் காற்று சாய்க்கிறது. அது கீழே தண்ணீரில் இருக்கும் துடுப்பைச் சற்றே திருப்புகிறது. ஓடும் நீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் ஊசல்போல் தள்ளுகிறது. அந்த வேகம் இரண்டு கயிறுகள் வழியாகச் சுக்கான்பிடியை இழுக்கிறது. பலம் தருவது படகின் ஓட்டம்தான். அதனால் காற்று ஏற ஏற அதற்கும் பலம் ஏறும். நம்பத்தக்க பொறி. அதன் பலவீனம் அந்த இரண்டு கயிறுகள்.

மதியம் இடப்பக்கக் கயிற்றைக் கையில் உருட்டிப் பார்த்தபோது, துருப்பிடிக்காத எஃகுக் குழாயிலிருந்து வெளிவரும் இடத்தில் மேலுறை பஞ்சாகப் பிரிந்திருந்தது. கம்பளிப்பூச்சி மாதிரி இரண்டு அங்குல நீளம். உள்நூல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. விட்டால் இரவுக்குள் அறுந்திருக்கும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஒரே இடத்தில் உரசினால் ஒரு நாளில் பதினைந்தாயிரம் உரசல். எந்தக் கயிறும் தாங்காது.

மாற்றும் முறை இது. பெரிய பாயை இறக்கி, முன்பாயை மட்டும் சிறிதாக்கி ஓட்டத்தை 3 நாட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சுக்கான்பிடியை நடுவில் கட்டிவிட்டு, துடுப்பைத் தூக்க வேண்டும். அதன் பாதுகாப்புக் கயிறு படகோடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், துடுப்பு கழன்று விழுந்தால் கதை முடிந்தது. புதுக்கயிறு 6 மி.மீ., நீட்சி குறைந்த பின்னல், ஐந்து மீட்டர். அதன் முனையையும் பழைய கயிற்றின் முனையையும் எதிரெதிராக வைத்து, பாய் தைக்கும் நூலால் ஐந்தாறு தையல். மேலே இரண்டு சுற்று டேப். பழையதை இழுத்தால் புதியது குழாய்க்குள்ளும் கப்பிகளிலும் தானாகவே ஏறிவிடும். முடிச்சுப் போட்டு இழுத்தால் கப்பியில் சிக்கும்.

கட்டும்போது தொய்வு இருக்கக் கூடாது, வீணை நரம்பு போலவும் இறுக்கக் கூடாது. முனையில் 40 செ.மீ. கூடுதலாக விட்டுச் சுருட்டி வைப்பது முக்கியம். தினமும் காலையில் கயிற்றை 10 செ.மீ. நகர்த்திக் கட்டினால் உரசும் இடம் மாறும். இதைச் செய்தால் ஒரு கயிறு மாதக்கணக்கில் வரும்.

நைந்ததற்குக் கயிறு மட்டும் காரணம் இல்லை. பெரிய பாய் அதிகமாக இருந்தது. அதனால் படகு எப்போதும் காற்றை நோக்கித் திரும்பப் பார்த்தது, கயிறு ஓய்வில்லாமல் ஒரே பக்கம் இழுபட்டது. பாயை இரண்டாம் சுருக்குக்கு இறக்கியதும் சுக்கான்பிடி நடுவுக்கு வந்தது. வேகம் அரை நாட்கூடக் குறையவில்லை. காற்றுச் சுக்கான் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பாயைச் சுருக்கத் தாமதித்தவர்கள்.

தூக்கக் கணக்கு: கண் மட்டம் கடலுக்கு மேல் 2.5 மீட்டர் என்றால் தொடுவானம் 3.3 மைல். கப்பல் உயரமானது, அதனால் முன்பே தெரியும். 8 மைலில் கண்ணில் படும் என்று வைத்தால், 18 நாட் வேகத்தில் எதிரே வரும் கப்பலும் 5 நாட் படகும் சந்திக்க 21 நிமிடம். ஆகவே 20 நிமிடத் தூக்கம், எழுந்து சுற்றிப் பார்வை, மீண்டும் 20 நிமிடம். சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியின் அலாரம் 2 மைல் நெருக்கத்துக்கு வைத்திருக்கிறது. ஆனால் மீன்பிடிப் படகுகள் சில அதை அணைத்துவிடும் என்பதால் கண்தான் கடைசிக் காவல்.

மூன்றாம் நாள்: கொரிஞ்ச் மேட்டுக்கு மேற்கே

காற்று வடமேற்குக்கு மாறி 8 நாட்டுக்கு இறங்கியது. படகு ஓட்டம் 3 நாட். இந்த வேகத்தில் காற்றுச் சுக்கானுக்குப் பலம் போதாது. மின் சுக்கான் போட்டதும் பத்து நிமிடத்தில் நின்றது.

மின் சுக்கான் நின்றால் பெட்டியைத் திறக்கும் முன் செருகியைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் பேட்டரி முனை 12.6 வோல்ட், செருகியில் 10.9. 1.7 வோல்ட் வழியில் காணாமல் போகிறதென்றால் பச்சைக் களிம்பு பிடித்த செப்புமுனைதான் காரணம். உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, வாசலின் தடவியதும் 12.4 வந்தது. ஆனாலும் தண்டு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை. தண்டு உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ரப்பர் வளையம் வழியாகக் கொஞ்சம் உப்பு நீரையும் உறிஞ்சும். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. நடுக்கடலில் அதற்கு வைத்தியம் இல்லை. துணியில் சுற்றி வைத்தாயிற்று.

மின்சாரமும் பொறியும் இல்லாத பழைய வழி ஒன்று இருக்கிறது: முன்பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றையே சுக்கான்பிடியோடு கட்டுவது. (ஷீட்டை நம் கரையில் தாமான் என்பார்கள்.) காற்று நேர் பக்கவாட்டில் வரும்போது இது அருமையாக வேலை செய்யும். ஷீட் கயிற்றில் நழுவாத உருட்டு முடிச்சுப் போட்டு ஒரு மெல்லிய கயிறு. அதைக் காற்று வரும் பக்கத்து ஓரத்தில் ஒரு கப்பி வழியாக எடுத்து, சுக்கான்பிடியில் தண்டிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில், காற்று போகும் பக்கமாக, 10 மி.மீ. லேடெக்ஸ் ரப்பர் குழாய் இரண்டு இழை. சைக்கிள் டியூபைக் கீறிய பட்டையும் போதும். துணி சுற்றிய பங்கி கயிறு வேண்டாம், அதன் இழுவை சீராக இல்லை.

படகு காற்றை நோக்கித் திரும்பினால் பாயில் அழுத்தம் கூடும், கயிறு சுக்கான்பிடியைக் காற்றுப் பக்கம் இழுக்கும், படகு விலகி நேராகும். அதிகம் விலகினால் அழுத்தம் குறையும், ரப்பர் இழுத்துச் சரிசெய்யும். பாம்பு நெளிகிற மாதிரி ஓடினால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒரே பக்கம் போய்க்கொண்டே இருந்தால் கட்டிய இடத்தைச் சுக்கான்பிடியில் 5 செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும். சரியாக அமைய ஒரு மணி நேரம் ஆகும். அமைந்த பிறகு மாலைவரை தொடவே இல்லை. காற்று முழுக்கப் பின்னாலிருந்து வந்தால் இந்த அமைப்பை நம்ப வேண்டாம்.

கிழக்கே 25 மைலில் கொரிஞ்ச் மேடு. சுற்றிலும் ஆழம் சில ஆயிரம் மீட்டர். நடுவில் ஒரு மலை உச்சி கடல் மட்டத்துக்கு 25 மீட்டர் கீழே வரை எழுகிறது. நீவாடு (கடல் நீரோட்டம்) அதில் முட்டி மேலேறும்போது இரையும் மேலே வரும், அதைத் தேடி எல்லாம் வரும். மாலை 5 மணிக்கு அரை மைலில் ஒரு மூச்சு. நேராக மேலே போகாமல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து பீறியது: ஸ்பெர்ம் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்னே இடது ஓரத்தில் இருப்பதால் வரும் சாய்வு. தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம். ஆழத்திலிருந்து ஏறி வந்தால் பத்து நிமிடம்போல அதே இடத்தில் மூச்சு வாங்கிக் கிடக்கும், அசையாது. பாயில் சத்தமில்லாமல் வரும் படகுக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது. மூச்சைப் பார்த்ததும் திசையை ஒரே முறை, தெளிவாக மாற்றி, அதன் வால்பக்கமாகக் குறைந்தது 300 மீட்டர் விலகிப் போவது நல்லது. அதன் முன்னே குறுக்கே போகக் கூடாது.

மோதிவிட்டால் செய்யவேண்டியது ஓர்க்காவுக்குச் சொன்ன அதே வரிசை. கூடவே அடிக்கட்டை போல்ட்டுகளைச் சுற்றிப் புது விரிசல் இருக்கிறதா என்பதும்.

நான்காம் நாள்

அடிக்குழியில் இரண்டு லிட்டர் தண்ணீர். முதலில் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். இனிப்பாக இருந்தால் குடிநீர்த் தொட்டி, உப்பாக இருந்தால் கடல். உப்பு. ஒவ்வொரு குழாய் வால்வாகத் துடைத்து, டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்ததில் இன்ஜின் சுழல்தண்டு படகுக்கு வெளியே போகும் இடத்து அடைப்பு நனைந்திருந்தது. நேற்று காற்றில்லாமல் இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடியதன் விளைவு. தண்டு சுற்றும்போது சில சொட்டு விழுவது சரி, நின்றபின் விழக் கூடாது. பூட்டு நட்டைத் தளர்த்தி, பெரிய நட்டைக் கால் சுற்று இறுக்கினால் போதும். பிறகு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகம் இறுக்கியாயிற்று, தண்டு தேயும்.

பகல் முழுக்க நீலச் சொறி, ஜெல்லிமீன் போன்ற உயிரி. போர்ச்சுக்கீசியப் போர்க்கப்பல் என்று பெயர் பெற்றது. ஊதிய பிளாஸ்டிக் பை போல ஒரு சாண் நீளம், மேலே இளஞ்சிவப்புக் கொண்டை. கீழே தொங்கும் இழைகள் பல மீட்டர். அறுந்த இழையும் கொட்டும். காற்றுச் சுக்கானின் துடுப்பிலும், வாளிக் கயிற்றிலும், பின்னால் இழுபடும் எந்தக் கயிற்றிலும் அது சுற்றியிருக்கும் என்று வைத்துக்கொண்டு கையுறை இல்லாமல் தொடக் கூடாது. துடுப்பைத் தூக்கியபோது நீல நூல் ஒன்று வழுவழுவென்று அதன் மேல் ஒட்டியிருந்தது, வெயிலில் கண்ணாடி மாதிரி. கொட்டினால் தேய்க்கக் கூடாது. இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தோல் தாங்குகிற 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். தனி ஆளுக்கு வலது கை வீங்கினால் அதுவும் கருவிக் கோளாறுதான்.

இரவில் கவர் பூத்தது, கடல்நீர் தானாகவே ஒளிர்ந்தது. ஓங்கல் (டால்பின்) கூட்டம் ஒன்று படகின் முன்முனையான அணியத்தின் கீழே பச்சைக் கோடுகளாக ஓடியது. பார்க்க முன்னே போகலாம். இடுப்புப் பட்டையின் குட்டைக் கயிற்றை, ஒரு மீட்டர் நீளமுள்ளதை, நடுத்தளக் கயிற்றில் மாட்டிவிட்டு, மண்டியிட்டு. விழுந்தால் படகு நிற்காது, ஐந்து நாட் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் நாள்: போர்ட்டோ சான்டோ

காலை 9 மணிக்கு நங்கூரம். நல்ல தூக்கம், நல்ல தண்ணீர். மின் சுக்கானைத் திறந்து பார்த்தால் உள்ளே பல்சக்கரம் துருவில் இறுகியிருக்கிறது. இந்தத் தீவில் மாற்று கிடைக்காது. கைவசமிருக்கும் பழைய சிறிய மின் சுக்கானைச் சுக்கான்பிடியில் மாட்டாமல், காற்றுச் சுக்கானின் பலகை இருக்கும் இடத்தில் மாட்ட ஒரு மரத்துண்டு செய்தாயிற்று. பலகையைச் சாய்க்கும் வேலையை மட்டும் அது செய்யும், சுக்கானை இழுக்கும் பலமான வேலையை நீர் செய்யும். சின்னக் கருவியும் மிகக் குறைந்த மின்சாரமும் போதும்.

ஆறாம் நாள்: தெற்கே

போர்ட்டோ சான்டோவிலிருந்து லாஸ் பால்மாஸுக்கு வரைபடத்தில் கோடு போட்டால், அது செல்வாஜென்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே நாலைந்து மைலில் போகிறது. பெரிய செல்வாஜெமின் இடம் 30° 08' வடக்கு, 15° 52' மேற்கு. சுற்றிலும் பாறைகள். 20 நிமிடத் தூக்கத்தில் இருக்கும் ஆளுக்கு இந்த இடைவெளி போதவே போதாது. நீவாடு ஒரு நாட் மேற்கே தள்ளினால் ஒரே இரவில் தீர்ந்துவிடும். இடைப்புள்ளியை 15° 35' மேற்குக்கு நகர்த்த வேண்டும். மொத்தத் தூரத்தில் ஓரிரு மைல்தான் கூடும்.

அந்தத் தீவு 1971 முதல் இயற்கைக் காப்பகம், இறங்க அனுமதி வேண்டும். கோரி ஷியர்வாட்டர் பறவைகள் உலகில் எங்கும் இல்லாத அளவு கூடு கட்டும் இடம் அதுதான். சாயங்காலம் ஆனதும் இறக்கையை அசைக்காமலே அலைப்பள்ளத்தில் சாய்ந்து சாய்ந்து வருகின்றன. இரவில் தள விளக்கு எரிந்தால் அவை கண் கூசி வந்து மோதும். ஒன்று மேலே விழுந்தால், துணி போர்த்தி எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, காற்று போகும் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு அருகில் விட வேண்டும். அதற்குத் தளத்திலிருந்து ஓடி எழும்பத் தெரியாது. அலகு கூர்மை, கையுறை அவசியம்.

ஏழாம் நாள்: வடகிழக்கு 22 நாட்

காலைச் சுற்றில், பாய்க்கம்பத்தைத் தாங்கி நிற்கும் இடப்பக்கக் கீழ்க் கம்பிவடத்தில் டிஷ்யூ தாளை ஓட்டியபோது ஒரு இடத்தில் சிக்கியது. பத்தொன்பது இழைக் கம்பியில் ஒன்று, கீழ் முனைக்கூட்டுக்குள் நுழையும் இடத்தில் உடைந்து முள்ளாக நிற்கிறது. கண்ணால் பார்த்தால் தெரிந்திருக்காது. உப்பு நீர் வழிந்து அந்தக் கூட்டுக்குள் தேங்குவதால் எப்போதும் கீழ் முனைதான் முதலில் போகும். ஒன்று உடைந்தால் அதன் பாரம் மற்ற பதினெட்டுக்கும் போகும், அவையும் அதே வயதுடையவை.

காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது, பாரம் முழுக்க இந்தக் கம்பியில். முதலில் படகைப் பின்காற்றில் மறுபக்கம் திருப்பிப் பாரத்தை வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். தவறான திசையில் ஒரு மணி நேரம் ஓடினாலும் பரவாயில்லை. அடுத்து பெரிய பாயை இறக்கிக் கட்டியது. 6 மி.மீ. கம்பிக்கான யு-போல்ட் கிளிப் மூன்று, உடைந்த இடத்துக்கு ஒரு அடி மேலே, ஒன்றன் கீழ் ஒன்றாக, மாறி மாறி நட்டு இறுக்கி. இவை ஒரு தடுப்பு மாதிரி. கிளிப்புகளுக்கு மேலே 5 மி.மீ. டைனீமா கயிற்றைச் சுற்றிப் படகின் கம்பித்தகடு ஷேக்கிளுக்கு எட்டு முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு சுற்றையும் ஸ்க்ரூ டிரைவர் தண்டால் இழுத்து இறுக்கி, கடைசியில் நடுவில் குறுக்குக் கட்டு. கிளிப் வழுக்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். கம்பத்தில் ஏறும் யோசனையே வேண்டாம், தனி ஆள் ஆடும் கடலில் ஏறினால் இறங்குவதற்கு உதவ யாரும் இல்லை.

பிறகு முன்பாய் மட்டும், பாதி சுருட்டி. 4 நாட். போதும். இந்த வேகத்திலும் காற்றுச் சுக்கான் பிடிக்கிறது, ஏனென்றால் பாய் முழுக்க முன்னால் இருக்கிறது. காலையில் நகர்த்திக் கட்டிய கயிற்றில் இதுவரை ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

பறவைக்கோலா மீன் இரண்டு இரவில் தளத்தில் விழுந்து கிடந்தன. ஒன்று மழைநீர் வடிகுழாயில் தலை மாட்டி அடைத்திருந்தது. எடுக்காமல் விட்டால் அடுத்த பெரிய அலையில் சுக்கான் மேடையில் தண்ணீர் நிற்கும்.

எட்டாம் நாள்: லாஸ் பால்மாஸ்

கிரான் கனேரியாவின் இருபுறத்திலும் மலை காற்றை நெரிப்பதால், ஒரு மைலுக்குள் 10–15 நாட் ஏறிவிடும். துறைமுகம் வடகிழக்கு முனையில் இருப்பதால் அந்தப் பட்டைக்குள் நுழையாமல் வடக்கிலிருந்து இறங்கலாம். சேதமான கம்பிவடத்தோடு போவதற்கு இதுவே நல்ல வழி. கப்பல் நெரிசல் அதிகம். கடைசி 20 மைல் தூக்கம் இல்லை. அதற்காகவே முந்தின மாலை தூக்கத்தைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

மதியம் 3 மணிக்குக் கட்டியாயிற்று. ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் படகுகள் கூடும் ஊர் என்பதால் பாய்க்கம்பி கட்டுபவர், பாய் தைப்பவர், உதிரிக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இடப்பக்கம் மட்டுமல்ல, கீழ்க் கம்பிவடம் நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறது. வாங்க வேண்டியவை: கையாலேயே பூட்டும் கம்பி முனைக்கூடு இரண்டு, படகின் மிக நீளமான கம்பிவடத்துக்குப் போதுமான உதிரிக் கம்பி ஒரு சுருள், 6 மி.மீ. பின்னல் கயிறு 20 மீட்டர், லேடெக்ஸ் குழாய் 5 மீட்டர், சுழல்தண்டு அடைப்புக்கான மெழுகு நார், மின் சுக்கான் ஒன்று.

முகக்கண்ணாடி போட்டு அடியில் மூழ்கிப் பார்த்ததில் சுக்கானில் ஒரு கீறலும் இல்லை. அதன் மேல் கீலில் மட்டும் அரை மி.மீ. ஆட்டம். புறப்படும் முன் வெண்கலப் புஷ்ஷை மாற்ற வேண்டும்.